பெருமரத்தை அளவுகோல் கொண்டு காப்பாற்ற முடியுமா? தாஸ்மேனியாவின் எல் கிராண்டேயும் செஞ்சூரியனும்

பொதிகைச்சாரல்

நண்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தாஸ்மேனியத் தீவில், டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் எல் கிராண்டே என்று பெயரிடப்பட்ட ஒரு யூகலிப்டஸ் மரம் நின்றிருந்தது. 79 மீட்டர் உயரமும் அடிப்பகுதியில் 19 மீட்டர் சுற்றளவும் கொண்டிருந்த அதன் மரப்பருமன் ஏறக்குறைய 439 கனமீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. அந்நாட்டில் அன்று அறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பருமனான மரம். வயது ஏறக்குறைய 350 ஆண்டுகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

அந்த மரத்தை யாரும் வெட்டவில்லை. அதைச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. வெட்டியபின் எஞ்சிய கிளைகளையும் கழிவுகளையும் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், புதிய விதைகள் முளைப்பதற்கு நிலத்தைப் பக்குவப்படுத்தும் பொருட்டு எரித்தார்கள். அந்த நெருப்பு எல் கிராண்டேயையும் எட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மரம் இறந்துவிட்டது என்பது உறுதியாயிற்று. காக்க வேண்டிய மரம் என்று அடையாளம் காணப்பட்ட பிறகே அது அழிந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

தாஸ்மேனிய வனத்துறை நிறுவனம் வகுத்த அளவுகோலின்படி, 85 மீட்டருக்குக் குறையாத உயரமோ 280 கனமீட்டருக்குக் குறையாத பருமனோ கொண்ட மரம் 'பேருருவ மரம்' ஆகும். அதனை வெட்டுதல் கூடாது. இந்த அளவுகோல் ஒரு மரத்தின் முக்கியத்துவத்தை உண்மையிலேயே அளக்கிறதா? உயரத்தாலும் பருமனாலும்தான் அம்மரம் முக்கியம் பெறுகிறதா, அல்லது அதன் முதுமையும் அதைச் சூழ்ந்த காடும்தான் அதற்கு மதிப்பைத் தருகின்றனவா? இந்த இழையில் இதையே விவாதிக்க விரும்புகிறேன்.

உதகைச்சரிவு

பொதிகைச்சாரல் அவர்களுக்கு, தங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும் நீலகிரியில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வியை முன்வைக்காமல் இருக்க இயலவில்லை. எங்கள் மலைக்கு இம்மரம் 1843ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயரால் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் சோலைகளுக்கு இடையிலிருந்த புல்வெளிகள் எத்தனை அழிந்தன, எத்தனை ஓடைகள் மெலிந்தன என்பதை இங்குள்ள முதியவர்கள் எவரும் சொல்வார்கள். சமவெளியிலும் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் தைலமரக் காடுகளை அகற்ற வேண்டும் என்று உழவர்கள் பல ஆண்டுகளாகக் கோரி வருகிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று நாம் அறிந்த ஒன்றுக்காக வேறொரு நாட்டில் மக்கள் கண்ணீர் வடிக்கிறார்கள் என்றால், அதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது?

பொதிகைச்சாரல்

உதகைச்சரிவு ஐயா, தங்கள் கேள்வி இந்த விவாதத்தின் நடுப்பகுதிக்கே வருகிறது. தண்ணீரைப் பற்றியே முதலில் பேசலாம்.

உதகைக்கு வந்த மரம் நீலப் பிசின்மரம் எனப்படும் யூகலிப்டஸ் குளோபுலஸ். அதன் தாயகங்களில் தாஸ்மேனியாவும் ஒன்று, அதன் பூ அம்மாநிலத்தின் சின்னமும் ஆகும். எல் கிராண்டே அதே பேரினத்தைச் சேர்ந்த யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் இனம். இது தாஸ்மேனியாவிலும், விக்டோரியா மாநிலத்தில் மெல்போர்ன் நகருக்குக் கிழக்கே உள்ள மலைகளிலும் இயற்கையாக வளர்கிறது. மெல்போர்னின் குடிநீர் மிகப் பெரும்பாலும் இந்த மரங்கள் நிறைந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்தே வருகிறது.

1939ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் விக்டோரியா மாநிலத்தில் பெருந்தீ மூண்டு 71 பேர் இறந்தார்கள். அந்தத் தீயில் நீர்ப்பிடிப்புக் காடுகளின் பெரும்பகுதி எரிந்து, ஒரே வயதுடைய இளங்காடு அங்கே அடர்ந்து எழுந்தது. அதன்பின் ஓடைகளில் வந்த நீரின் அளவை நீண்ட காலம் ஆராய்ந்த குச்செரா என்ற நீரியலாளர், 1985ஆம் ஆண்டில் ஒரு வரைகோட்டை வெளியிட்டார். முதிர்ந்த காடு எரிந்து இளங்காடு வளரும்போது ஓடைநீர் படிப்படியாகக் குறைகிறது. காட்டுக்கு 25 முதல் 30 வயது ஆகும்போது அது முன்பிருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பழைய நிலைக்கு மீள 150 ஆண்டுகள் அளவில் ஆகிறது. இளமரங்கள் நெருக்கமாக நின்று விரைந்து வளர்வதால் நீரை மிகுதியாக ஆவியாக்குகின்றன. முதிர்ந்த காட்டில் மரங்கள் விலகி நிற்பதால் அத்தனை நீர் செலவாவதில்லை.

இப்போது நீலகிரியைப் பாருங்கள். உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது. புல்வெளியில் இம்மரத்தை நட்ட பகுதியில், முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து ஏறக்குறைய 16 விழுக்காடும், வெட்டியபின் அடிமரம் தழைத்த இரண்டாம் சுழற்சியில் ஏறக்குறைய 25 விழுக்காடும் குறைந்தன. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படும் மரம் தன் வாழ்நாள் முழுவதும் நீர்வேட்கை மிகுந்த இளமையிலேயே வைக்கப்படுகிறது. நாம் இங்கே அறிந்திருப்பது இம்மரத்தின் இளமையை மட்டும்தான். அதன் முதுமையை நாம் பார்த்ததே இல்லை.

இதைச் சொல்வதால் நீலகிரியின் புல்வெளியில் இம்மரத்தை முதிர விட்டுவிடலாம் என்று நான் வாதிடுவதாகக் கொள்ளக் கூடாது. புல்வெளி புல்வெளியாகவே இருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஆக்கிரமிப்பாக நிற்கும் மரத்தை அகற்ற வேண்டும் என்ற தங்கள் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அதே காரணத்துக்காகத்தான், அம்மரம் தன் மண்ணில், தன் காட்டில் நிற்பதைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

உதகைச்சரிவு

நன்றி. கிளென்மார்கன் ஆய்வை அறிவேன். ஆனால் அதை மரத்தின் வயதோடு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. தொடர்ந்து வாசிக்கிறேன்.

வெள்ளிவேம்பு

இடையில் ஒரு சிறிய ஐயம். உலகிலேயே உயரமான மரம் யூகலிப்டஸ்தான் என்று சிறுவயதில் படித்த நினைவு இருக்கிறது. அது உண்மையா?

ஆழிமலை

நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். இன்று உயிரோடிருக்கும் மரங்களில் உயரமானது கலிபோர்னியாவில் உள்ள ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் மரம். அதன் உயரம் ஏறக்குறைய 116 மீட்டர். யூகலிப்டஸ்களில் உயரமானது தாஸ்மேனியாவின் ஆர்வ் பள்ளத்தாக்கில் உள்ள செஞ்சூரியன். 2008ஆம் ஆண்டில் வானூர்தியிலிருந்து லேசர் கதிர்களால் காட்டை அளந்தபோது அது கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது 99.6 மீட்டர் எனக் கணக்கிட்டார்கள். 2018 டிசம்பரில் மரமேறிகள் உச்சியிலிருந்து நாடாவை இறக்கி அளந்தபோது 100.5 மீட்டர் இருந்தது. பூக்கும் தாவரங்களில் அதுவே உயரமானது என்ற பெருமை மறு ஆண்டே போர்னியோவின் சபா மாநிலத்திலுள்ள 100.8 மீட்டர் உயர மெரந்தி மரம் ஒன்றுக்குச் சென்றுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைவிட உயரமான யூகலிப்டஸ்கள் இருந்தன என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க சான்று உண்டு. விக்டோரியாவின் தோர்ப்டேல் என்ற ஊரில் ஜார்ஜ் கார்ன்த்வெயிட் என்ற நில அளவையாளர் 1880களின் தொடக்கத்தில் ஒரு மரத்தை நிற்கும்போதும், அது வெட்டப்பட்டபின் தரையிலும் அளந்து 114.3 மீட்டர் என்று பதிவு செய்தார். 1872இல் வாட்ஸ் ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த மரம் 132 மீட்டருக்கும் மேல் இருந்ததாக ஃபெர்குசன் என்ற வன அதிகாரி எழுதினார். அதை உறுதிப்படுத்த வழியில்லை. குடியேறியவர்கள் உழவு நிலத்துக்காகவும் பலகைக்காகவும் பெருமரங்களைத் தேடித்தேடி வெட்டினார்கள். ஆகவே இன்று நாம் அளப்பது எஞ்சியவற்றை மட்டுமே.

நெடுவழி

வணக்கம். வனவியல் படித்து, மரத்தொழில் சார்ந்த பணியில் இருப்பவன் என்பதால், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை என எண்ணுகிறேன்.

யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் நெருப்பின் பிள்ளை. பெரும்பாலான யூகலிப்டஸ் இனங்களைப் போல அடிமரக் கிழங்கிலிருந்தோ பட்டைக்கு அடியிலுள்ள மொட்டுகளிலிருந்தோ மீண்டும் தழைக்கும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. கடுந்தீ வந்தால் தாய்மரம் இறந்துவிடும். உச்சியில் காய்களுக்குள் காத்திருக்கும் விதைகள் தீக்குப்பின் சாம்பல் படுகையில் கொட்டி, முழு வெயிலில் முளைக்கும். அடர்ந்த நிழலில் இதன் நாற்று வளராது. நான்கைந்து நூற்றாண்டுகள் தீயே வராவிட்டால் இம்மரங்கள் முதுமையில் விழுந்து, அடியில் காத்திருக்கும் மிர்ட்டில், சசாஃப்ராஸ் முதலிய மழைக்காட்டு மரங்களே அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

எனவே, முழுவதும் வெட்டி, எரித்து, விதைக்கும் முறை கொடுமை என்று சித்தரிப்பது சரியன்று. 1950களில் நடந்த கவனமான ஆய்வுகளிலிருந்து உருவான முறை அது. இயற்கையான தீ செய்வதையே அது திட்டமிட்டுச் செய்கிறது. எல் கிராண்டே எரிந்தது மிகவும் வருந்தத்தக்க தவறு. ஆனால் ஒரு தவறைக் கொண்டு முறையையே தள்ளிவிட முடியாது. அந்தப் பள்ளத்தாக்குகளில் உள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கு மரஅறுவை ஆலையே வாழ்வாதாரமாக இருந்து வந்திருக்கிறது.

பொதிகைச்சாரல்

நெடுவழி அவர்களே, தாங்கள் சொன்ன உயிரியல் முற்றிலும் சரி. அந்த உயிரியலை ஏற்றுக்கொண்டே தங்கள் முடிவை மறுக்க விரும்புகிறேன்.

இயற்கையான காட்டுத்தீ காட்டை எரிக்கிறது, அகற்றுவதில்லை. மிகக் கடுமையான தீக்குப் பிறகும் பல மரங்கள் தப்பி நிற்கின்றன, குறிப்பாக ஈரமான ஓடையோரங்களிலும் தென்முகச் சரிவுகளிலும். செத்த பெருமரங்கள் பல பத்தாண்டுகள் நின்றபடியே இருக்கின்றன, விழுந்தவை நிலத்தில் கிடந்து நூற்றாண்டுக் கணக்கில் மக்குகின்றன. புதிய காடு அந்தப் பழைய காட்டின் நடுவிலேயே எழுகிறது. முழுவெட்டில் நிற்கும் மரமும் போய்விடுகிறது, செத்த மரமும் போய்விடுகிறது. சாம்பல் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றெனச் சொல்ல முடியாது.

இந்த வேறுபாடு ஏன் பெரிது என்பதற்கு லெட்பீட்டர் போசம் என்ற சிறு விலங்கே சான்று. விக்டோரியாவின் மாநில விலங்கு அது. இரவில் நடமாடும், கையளவே இருக்கும் இந்தப் பாலூட்டியை 1909க்குப் பிறகு எவரும் காணாததால் அழிந்துவிட்டது என்றே கருதினார்கள். 1961இல் மேரிஸ்வில் ஊருக்கு அருகே அது மீண்டும் கண்டறியப்பட்டது. அது பகலில் உறங்குவதற்கும் குட்டி ஈனுவதற்கும் பழைய மரங்களின் பொந்து வேண்டும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திப் பறவைகளே இல்லை. ஆகவே அங்கே பொந்து என்பது பூஞ்சையும் கறையானும் தீயும் கிளைமுறிவும் சேர்ந்து மெல்ல மெல்ல உண்டாக்குவது. ரெக்னன்ஸ் மரத்தில் அந்த விலங்குக்கு ஏற்ற பொந்துகள் அமைவதற்கு 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்நாட்டில் முதுகெலும்புள்ள விலங்கினங்கள் 300 அளவில் இத்தகைய பொந்துகளை நம்பி வாழ்கின்றன. மரத்தொழிலின் வெட்டுச் சுழற்சியோ 80 ஆண்டுகள் அளவிலேயே திட்டமிடப்படுகிறது. எத்தனை ஒழுங்காக விதைத்தாலும், எத்தனை செழிப்பாக வளர்ந்தாலும், அந்தச் சுழற்சிக்குள் ஒரு பொந்துகூட உருவாகாது.

1961இல் அந்த விலங்கு மீண்டும் கிடைத்தது தற்செயலன்று. 1939 தீயில் செத்து நின்ற பெருமரங்கள் அதற்கு வீடு தந்தன. அதே தீக்குப்பின் அடியில் செழித்த வேல இன மரங்கள் பிசினையும் பூச்சிகளையும் உணவாகத் தந்தன. தீக்கு முந்தைய காட்டின் முதுமையும் பிந்தைய காட்டின் இளமையும் ஒரே இடத்தில் கிடைத்த காலம் அது. அந்தச் செத்த மரங்கள் இப்போது ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தை எடுக்க வேண்டிய மரங்களுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. 2009 பிப்ரவரியில் 173 உயிர்களைப் பறித்த பெருந்தீ அதன் வாழிடத்தில் கணிசமான பகுதியையும் எரித்துவிட்டது.

பெருமரத்தின் முக்கியத்துவம் என்று நான் கருதுவது இதைத்தான். மரவணிகத்தின் கணக்கில் குறைகளாக எழுதப்படும் உளுத்துப்போன நடுத்தண்டு, ஒடிந்த உச்சி, கருகிய அடி ஆகிய அனைத்தும் காட்டின் கணக்கில் செல்வங்கள். 85 மீட்டர் அளவுகோல் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. உச்சி ஒடிந்து 60 மீட்டராகக் குறைந்துபோன, முந்நூறு ஆண்டு வயதுள்ள, பொந்துகள் நிறைந்த மரம் உயரத்தால் அந்த அளவுகோலில் தேறவே தேறாது.

ஆழிமலை

இதோடு கரிமச் சேமிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத், மேக்கி, லிண்டன்மேயர் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், விக்டோரியாவின் மத்திய மேட்டுநிலத்து ரெக்னன்ஸ் காடுகளில் உயிருள்ளதும் இறந்ததுமாக ஓர் எக்டேரில் சராசரியாக 1,867 டன் கரிமம் இருப்பதாகக் கணித்தார்கள். அதுவரை உலகில் அளக்கப்பட்ட காடுகளில் இதுவே மிக அடர்த்தியான சேமிப்பு. வெப்பமண்டல மழைக்காடுகளைவிடவும் அதிகம்.

முதிர்ந்த மரம் வளர்ச்சி நின்றுபோன மரம் என்ற எண்ணமும் பிழையானது. 403 மர இனங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2014இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக அது ஆண்டுதோறும் சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று காட்டியது.

நெடுவழி

பொந்துகளைப் பற்றிய வாதத்துக்கு என்னிடம் நேரான மறுப்பு இல்லை. சுழற்சிக் காலம் அவற்றுக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் தொழிலும் கற்றுக்கொண்டிருக்கிறது. தாஸ்மேனியாவின் வார்ரா ஆய்வுக் காட்டில், முழுவெட்டுக்கு மாற்றாக, வெட்டும் திடலுக்குள்ளேயே மரக்கூட்டங்களைத் தீவுகள்போல விட்டுவைக்கும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்து, பின்னர் முதிர்ந்த காடுகளில் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

பொதிகைச்சாரல்

நிச்சயமாகப் பதிவு செய்ய வேண்டும். முழுவெட்டைவிட அது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் எல் கிராண்டே காட்டிய பாடம் அங்கேயும் பொருந்துமே என்ற அச்சம் எனக்கு உண்டு. அடர்ந்த காட்டுக்குள் நின்ற மரத்தைத் திடீரெனத் திறந்த வெளியின் ஓரத்தில் நிறுத்தினால், காற்றும் வெயிலும் வறட்சியும் நேராக அதைத் தாக்குகின்றன. அருகில் மூட்டும் நெருப்பும் எளிதாக எட்டிவிடுகிறது.

செஞ்சூரியனையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அது நிற்பது வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காடுகளுக்கு இடையே தப்பிய சிறு பழங்காட்டுத் துண்டில். 2019 சனவரியில் ரிவோ சாலைத் தீ அந்தப் பகுதியைக் கடந்தபோது மரத்தின் அடிப்பகுதி கருகியது. அது உயிர் பிழைத்தது நற்பேறு. ஆனால் சிறு துண்டுகளில் எஞ்சிய பெருமரங்களின் எதிர்காலத்தை நற்பேற்றிடம் ஒப்படைப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

முல்லைநிலவன்

ஒரு மரத்தைக் காப்பதற்காக நடந்த போராட்டம் பரந்த காட்டைக் காத்ததற்கு எடுத்துக்காட்டு உண்டு என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். 2011 டிசம்பர் 14ஆம் நாள் மிராண்டா கிப்சன் என்ற பெண்மணி தாஸ்மேனியாவின் டயன்னா பள்ளத்தாக்கில் ஒரு முதிர்ந்த யூகலிப்டஸ் மரத்தில், ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் மேடை அமைத்து ஏறினார். கீழே இறங்காமல் 449 நாள்கள் அங்கேயே வாழ்ந்து, அருகில் காட்டுத்தீ வந்ததால் 2013 மார்ச்சில் இறங்கினார். அவ்வாண்டு சூன் மாதம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, தாஸ்மேனியக் காட்டுப் பாரம்பரியப் பகுதியுடன் ஒரு லட்சத்து எழுபதாயிரம் எக்டேருக்கு மேல் சேர்த்தது. அவர் இருந்த காடும் அதில் அடங்கியது. மறு ஆண்டு புதிய அரசு அதிலிருந்து 74,000 எக்டேரை நீக்கும்படி கேட்டபோது, தோகாவில் கூடிய குழு அதை மறுத்துவிட்டது.

அவர் ஏறிய மரம் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லாத மரம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெள்ளிவேம்பு

அப்படியென்றால் இப்போது நிலைமை என்ன? வெட்டுவதை நிறுத்திவிட்டார்களா? நிறுத்தியிருந்தால் இந்த விலங்குகள் பிழைத்துவிடும் அல்லவா?

பொதிகைச்சாரல்

வெள்ளிவேம்பு அவர்களுக்கு, விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அரசுக்குரிய இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டு 2024 சனவரி முதல் நாளோடு முடிவுக்கு வந்துவிட்டது. தாஸ்மேனியாவில் தொடர்கிறது. அங்கேயே இனப்பெருக்கம் செய்யும் விரைவுக்கிளி என்ற பறவை, உதகைச்சரிவு ஐயா குறிப்பிட்ட அதே நீலப் பிசின்மரத்தின் பூக்களைத் தேடி வந்து பழைய மரப்பொந்துகளில் முட்டையிடுகிறது. அது இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

வெட்டு நின்ற இடத்திலும் இரண்டு இடர்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது தீ. ரெக்னன்ஸ் மரம் போதிய விதை தருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் மறுபடியும் கடுந்தீ வந்தால் விதைப்பதற்குத் தாய்மரமே இராது, காடு வேல மரப் புதராக மாறிவிடும். இதன் உறவினமான ஆல்பைன் ஆஷ் காடுகளில் இது ஏற்கெனவே நடந்துள்ளது. 2020இல் விக்டோரிய அரசு வானூர்தியிலிருந்து விதைகளைத் தூவிச் சில இடங்களை மீட்க முயன்றது.

இரண்டாவது காலம். விக்டோரியாவின் ரெக்னன்ஸ் காடுகளில் முதிர்ந்தவை என்று சொல்லத்தக்கவை இன்று ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் என லிண்டன்மேயரும் அவருடைய குழுவினரும் மதிப்பிடுகிறார்கள். அவற்றுள் சிறந்தவை ஓஷானஸி போன்ற, பொதுமக்கள் நுழைய அனுமதியில்லாத குடிநீர்க் காடுகளில் இருக்கின்றன. மற்றவற்றில் பெரும்பகுதி 1939 தீக்குப்பின் முளைத்தவை. அவற்றுக்கு 120 வயது ஆவது 2059இல்தான். அதுவரையிலான இடைவெளிக்காக மரங்களில் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்துகிறார்கள், உயிருள்ள மரத்தண்டில் இயந்திர வாளால் பொந்துகளைக் குடைகிறார்கள். லெட்பீட்டர் போசம் அவற்றை ஏற்றுக்கொண்டு குடியேறியும் இருக்கிறது. ஆனால் பெட்டிகள் சில ஆண்டுகளில் சிதைந்துவிடுவதால் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருக்கிறது. குடைந்த பொந்துகளையும் மரம் வளர வளரப் பட்டை மூடத் தொடங்குவதால், அவ்வப்போது ஏறிச் செதுக்கித் திறந்துவைக்க வேண்டும்.